பாலைவனப் படை நடையில் தண்ணீர்: இருந்தால் போதுமா, இறைக்க நேரம் வேண்டாமா? (சினாய், பாலஸ்தீனம் 1915–1917)

நெடுவழி எழுதியது:

முதல் உலகப் போரில் துருக்கிய ஒட்டோமான் படையை எதிர்த்துச் சினாய்ப் பாலைவனத்தைக் கடந்த பிரிட்டிஷ் படையைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், நைல் நதியின் நீரைக் குழாயில் கொண்டுபோனார்கள், அதனால் வென்றார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த வரி பாதி உண்மைதான். நைலிலிருந்து சூயஸ் பக்கம் வரும் நன்னீர்க் கால்வாயின் நீரை எல் கந்தாராவில் வடிகட்டி, சூயஸ் கால்வாயின் அடியில் குழாய் இறக்கி அக்கரைக்குக் கடத்தி, அங்கிருந்து 12 அங்குலக் குழாயில் கடற்கரையை ஒட்டி எல் அரீஷ் வரை ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளினார்கள். கந்தாராவின் வடிகட்டும் நிலையம் நாளொன்றுக்கு 6 லட்சம் காலன், அதாவது 27 லட்சம் லிட்டருக்கு மேல், கொடுக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது.

குழாய் முடியும் இடத்துக்கும் குதிரையின் வாய்க்கும் நடுவில் நடந்ததைப் பற்றித்தான் இந்த இழையில் பேச விரும்புகிறேன். நம் ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் 'காட்டுவது' என்று சொல்வோம். தண்ணீரைக் கொண்டுவருவது ஒரு வேலை என்றால், காட்டுவது முற்றிலும் வேறொரு வேலை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 குதிரைகள் கொண்ட ஒரு பிரிகேடு இருக்கிறது. குதிரைக்கு 30 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 60,000 லிட்டர் வேண்டும். வழியில் 50 மீட்டர் ஆழமுள்ள ஒரு கிணறு கிடைக்கிறது, அதில் வற்றாத நீரும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் வாளியை இறக்கி, நிரப்பி, இழுத்துக் கொட்ட ஒன்றரை நிமிடம் என்றால், ஒரு கயிற்றில் மணிக்கு 400 லிட்டர் வரும். இரண்டு கயிறு போட்டால் 800. அந்தப் பிரிகேடு முழுவதும் நீரருந்தி முடிக்க 75 மணி நேரம் ஆகும். முதலில் குடித்த குதிரைக்கு அதற்குள் பலமுறை மறுபடி தாகம் எடுத்திருக்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் 'நல்ல தண்ணீர்' என்று குறித்திருப்பார்கள், அதில் பொய்யும் இல்லை.

தளபதிகள் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தவித்த தவிப்பை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படித்தால்தான் அந்தப் படையெடுப்பு புரியும் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் எழுதலாம்.

குழாய்க்காரர் எழுதியது:

குடிநீர்த் துறையில் முப்பது ஆண்டுகள் குழாய் பதித்தவன் என்ற முறையில் குழாயின் பக்கம் நின்று இரண்டு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள், நெடுவழி ஐயா.

அந்தக் குழாய் தனியாகப் போகவில்லை, ரயிலோடு சேர்ந்து போனது. தண்டவாளம் முன்னால் போகும். குழாய் பின்னால் வரும். குழாய் இன்னும் எட்டாத இடத்துக்கு ரயில் தொட்டி வண்டிகள் நீரைச் சுமக்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று, நீராவி எஞ்சினுக்கே தண்ணீர் வேண்டும் என்பது. எஞ்சின் நைல் நீரைக் குடித்துக்கொண்டுதான் நைல் நீரை இழுத்துப் போனது. பாதை நீள நீள, சுமக்கும் நீரில் எஞ்சினின் பங்கு கூடிக்கொண்டே போகும் என்பதால், ஏதோ ஒரு தொலைவுக்குப் பிறகு குழாய் இல்லாமல் ரயிலாலும் பயனில்லை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் குழாய் வரவழைத்தார்கள் என்பதிலிருந்தே அவர்களுக்கு இது எவ்வளவு அவசரமாக இருந்தது என்று தெரிகிறது.

குழாய் பதிப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். நீர் நிற்கும் இடத்தில்தான் ஊர் வளரும். காலாட்படையின் பெரும்பகுதி, மருத்துவ முகாம்கள், கிடங்குகள் எல்லாம் குழாயின் முனையிலேயே கட்டுண்டு கிடந்தன. கந்தாராவுக்குக் கிழக்கே உள்ள ரோமானியிலிருந்து எல் அரீஷ் வரை போக அந்தப் படைக்கு 1916ஆம் ஆண்டின் பிற்பகுதி முழுவதும் பிடித்தது என்றால், அந்த வேகத்தை எதிரி நிர்ணயிக்கவில்லை; இரும்புதான் நிர்ணயித்தது. வாளிக் கணக்கு சரிதான். ஆனாலும் வாளி பிடிக்கும் ஆளை அங்கே நிற்க வைத்தது குழாய் என்பதை மறக்கலாகாது.

வரலாற்றுமாணவி எழுதியது:

ஐயா இருவருக்கும் வணக்கம். ஒட்டோமான் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்தக் கதை ஒற்றைக் கண்ணால் பார்த்ததாகிவிடும்.

1915 பிப்ரவரியில் ஒட்டோமான் தளபதி ஜெமால் பாஷாவின் படை, ஜெர்மானிய அதிகாரி கிரெஸ் ஃபொன் கிரெஸென்ஷ்டைன் வகுத்த திட்டப்படி, சினாயைக் குறுக்கே கடந்து சூயஸ் கால்வாயையே தொட்டது. குழாய் கிடையாது, பாலைவனத்துக்குள் ரயிலும் கிடையாது. கடற்கரை வழியில் போனால் பிரிட்டிஷ் கப்பல்களின் பீரங்கிக்கு இரையாக வேண்டும் என்பதால், பெரும்பகுதியை நடுவழியாக அழைத்துப் போனார்கள். அதற்காக மழைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், பாறைக் குட்டைகளில் மழைநீர் தேங்கியிருந்தது, இரவில் நடந்தார்கள், ஒட்டகங்கள் தண்ணீர் சுமந்தன. கடப்பது முடியாது என்று எகிப்தில் இருந்தவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்ததை முடித்துக் காட்டினார்கள். ஆனால் கால்வாய்க் கரையில் முதல் முயற்சி தோற்றதும், அங்கேயே தங்கி மறுபடி மோத அவர்களால் இயலவில்லை. சுமந்து வந்த நீரும் உணவும் போய்ச் சேரவும் திரும்பி வரவும் மட்டுமே போதுமானவையாக இருந்தன.

இதன் தொடர்ச்சிதான் எனக்கு மிகவும் சுவையானது. அந்த நடுவழி மறுபடி பயன்பட்டுவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் தரப்பு நீரின்மீதே போர் தொடுத்தது. 1916 ஏப்ரலில் ஆஸ்திரேலியக் குதிரைப்படையினர் ஜிஃப்ஜாஃபாவுக்குச் சென்று அங்கிருந்த கிணறு துளைக்கும் கருவிகளை அழித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் வாதி முக்ஷெய்ப் என்ற, மழைக்கு மட்டும் ஓடும் ஆற்றுப்படுகையில் இருந்த குட்டைகளையும் பழைய நீர்த்தொட்டிகளையும் நான்கு நாட்களில் இறைத்துக் காலி செய்தார்கள். மணலில் கொட்டப்பட்டது ஏறத்தாழ 50 லட்சம் காலன். நெடுவழி ஐயா சொன்ன வடிகட்டு நிலையத்தின் எட்டு நாள் உற்பத்தி அது. அதன் பிறகு பெரும்படை வருவதானால் கடற்கரை வழியாகத்தான் வர முடியும். ஆகஸ்டில் அப்படித்தான் வந்தது. அங்கே ரோமானியில் பிரிட்டிஷ் படையினர் காத்திருந்தார்கள். பாலைவனத்தில் ஒருவன் நாள் கணக்கில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தான் என்றால் நம்புவது கடினம், ஆனால் அதற்கு இவ்வளவு தெளிவான காரணம் இருந்தது.

கால்நடைமருத்துவன் எழுதியது:

பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன் நான். போர் வரலாறு எனக்குப் பொழுதுபோக்கு மட்டுமே. விலங்கின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

ஒட்டகத்தால் தண்ணீர் கொண்டுபோகலாமே என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்தப் படையின் ஒட்டகம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உலோகத் தொட்டிகளைச் சுமந்தது. ஃபன்தாஸ் என்று அதற்குப் பெயர். ஒவ்வொன்றும் 10 முதல் 12 காலன் கொள்ளும். ஆக ஓர் ஒட்டகத்தின் சுமை சுமார் 100 லிட்டர். ஆளுக்கு ஒரு காலன் என்றால் இருபது வீரர்களுக்கு மேல் ஒரு நாளை ஓட்டிவிடலாம். அதே சுமை குதிரைக்கு என்றால் மூன்று குதிரைகள் வாய் வைத்ததும் தீர்ந்துவிடும். மனிதனுக்கு நீரைச் சுமந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம், குதிரையை நீர் இருக்கும் இடத்துக்கு ஓட்டிப்போகத்தான் வேண்டும். சினாயில் குதிரைப்படையின் ஒவ்வொரு அசைவும் கிணற்றிலிருந்து கிணற்றுக்கு என்றே அமைந்ததற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

காத்தியா, ரோமானி பகுதிகளில் பேரீச்சந்தோப்புகளின் அடியில் சில அடி தோண்டினாலே நீர் ஊறும், ஆனால் அது உவர் நீர். மனிதர் குடித்தால் வயிறு கெடும். குதிரைகள் முகர்ந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பழகிய பிறகே கொஞ்சம் குடிக்கும். தாகம் எடுத்த குதிரை எதையும் குடிக்கும் என்பது குதிரையோடு பழகாதவர்கள் நினைப்பு. பிடிக்காத நீரை ஓரளவு குடித்து நிறுத்திவிடும், வேலையை மட்டும் பார்க்கும், இரண்டு மூன்று நாட்களில் விலா தெரிய ஆரம்பிக்கும். ஆகவே அதை அடிக்கடி தொட்டிக்கு அழைத்துப் போக வேண்டும், மறுபடி நேரம்தான்.

குதிரையின் தாங்கு சக்தியைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. 1917 நவம்பரில், பாலஸ்தீனத்தின் பீர்ஷெபா ஊர் பிடிபட்ட பிறகு பின்வாங்கிய ஒட்டோமான் படையைத் துரத்தியபோது, ஒரு பீரங்கி அணியின் குதிரைகள் ஒன்பது நாட்களில் மூன்றே முறை நீரருந்தின. இடைவெளிகள் 68, 72, 76 மணி நேரம். அந்த அணி இழந்த குதிரைகள் எட்டுதான். என் வேலைக்காலத்தில் யாராவது இப்படி ஒரு குதிரையை நடத்தியிருந்தால் நான் புகார் எழுதியிருப்பேன், ஆனாலும் குதிரைகள் நின்றன.

சாப்பர்மகன் எழுதியது:

உவர் நீர்ப் பேச்சு வந்ததால் ஈட்டிமுனைக் குழாயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மணலில் கிணறு தோண்டினால் பக்கம் சரியும். பலகை அடிக்க வேண்டும். நாள் முழுவதும் போய்விடும். ஆஸ்திரேலிய எஞ்சினியர்கள் இரண்டரை அங்குலக் குழாயின் முனையை ஈட்டி போல் கூராக்கி அடைத்து, அதற்கு மேலே துளைகள் இட்டு, மணல் புகாதபடி துளையிட்ட பித்தளைத் தகட்டால் சுற்றி, சம்மட்டியால் நேரே மணலுக்குள் அடித்து இறக்கினார்கள். நீர்மட்டத்தைத் தொட்டதும் மேலே ஒரு கைப்பம்பைப் பொருத்தி அடித்தால் போதும். பக்கத்திலேயே கான்வாஸ் தொட்டியை விரித்துவிடுவார்கள். குழி தோண்டும் நாளை இந்தக் கருவி சிறுபொழுதாக்கியது. நெடுவழி ஐயாவின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. நிலத்தடியில் நீரின் அளவு கூடவில்லை, அதை எடுக்கும் நேரம்தான் குறைந்தது.

இந்த யோசனைக்கு ஒரு முன்னோடி உண்டு, அதில் நம்மவர்கள் பங்கும் உண்டு. 1867–68இல் நேப்பியர் தலைமையில் அபிசீனியாவுக்கு (இன்றைய எத்தியோப்பியா) சென்ற படை, நிலத்தில் அடித்து இறக்கும் நார்ட்டன் குழாய்க் கிணற்றைப் பயன்படுத்தியது. அதன் பிறகு அந்தக் கருவிக்கே ஆங்கிலேயர்களிடம் அபிசீனியக் கிணறு என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் படையில் மதராஸ் சாப்பர்களின், அதாவது படைப் பொறியாளர்களின், மூன்று கம்பெனிகள் இருந்தன. அந்தப் படைப்பிரிவில் பணியாற்றிய என் தந்தையார் பெருமையாகச் சொன்ன பழங்கதைகளில் அதுவும் ஒன்று. ஆனால் பெருமைக்கு முன்னால் ஒரு வெட்கக்கேடும் நடந்தது. செங்கடல் கரையில் சூலா என்ற இடத்தில் இறங்கியபோது அங்கே நன்னீர் இல்லை. கடல்நீரைக் காய்ச்சி வடித்துத்தான் கப்பல்கள் கொடுத்தன. கோவேறு கழுதைகளை முதலில் இறக்கிவிட்டார்கள். அவற்றைக் கட்டவும் மேய்க்கவும் போதிய ஆட்களும் இல்லை, காட்டத் தண்ணீரும் இல்லை. அவை கூட்டம் கூட்டமாகக் கரையில் அலைந்து செத்தன. கப்பலில் வடித்த நீர் மனிதருக்கே அளந்து கொடுக்கப்பட்டது என்றால் கழுதைக்கு எங்கே போவது?

நெடுவழி எழுதியது:

இவ்வளவு நல்ல பதில்களுக்கு நன்றி. குழாய்க்காரர் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்; குழாயைச் சற்று மட்டமாகப் பேசிவிட்டேன். ஆனால் போரின் முடிச்சுகள் விழுந்த இடங்கள் எல்லாம் குழாய்க்கு அப்பால் இருந்ததைப் பாருங்கள்.

1916 டிசம்பர் 23 அன்று ஒட்டோமான் காவல் நின்ற மக்தாபாவைத் தாக்கிய ஆஸ்திரேலியக் குதிரைப்படைத் தளபதி ஷோவல், பிற்பகல் வரை பிடிக்க முடியாததால் பின்வாங்க உத்தரவிட்டார். எதிரிக்குப் பயந்து இட்ட உத்தரவு அல்ல அது. குதிரைகள் இரவெல்லாம் நடந்து வந்திருந்தன. இடைவழியில் லஹ்ஃபானில் நீர் கிடைக்குமா என்று தேடிய எஞ்சினியர்கள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தண்ணீர் எல் அரீஷில்தான். உத்தரவு கைக்கு வந்தபோது முன்வரிசையில் இருந்த பிரிகேடியர் காக்ஸ் அதைப் பார்க்காததுபோல் இருந்துவிட்டுத் தாக்குதலைத் தொடர்ந்ததால் அந்த இடம் பிடிபட்டது. கீழ்ப்படியாமை அன்றைக்கு நல்லபடியாக முடிந்தது.

மூன்று மாதம் கழித்து, 1917 மார்ச் 26 அன்று, முதல் காசாப் போரில் இதே கணக்கு தலைகீழாக விழுந்தது. பொழுது சாய்கிறது, குதிரைகளுக்குத் தண்ணீர் இல்லை என்ற எண்ணத்தில் குதிரைப்படையை விலக்கிக்கொண்டார்கள். ஊர் ஏறக்குறைய கைக்குள் வந்துவிட்டிருந்த நேரம் அது. உண்மையில் பல குதிரைகள் பகலிலேயே வழியில் கிடைத்த நீரைக் குடித்திருந்தன. தாகத்தைப் பற்றிய செய்தி தாகத்தைவிட மெதுவாகப் பயணம் செய்தது. காசாவுக்காக மறுபடி இரண்டு போர்கள் வேண்டியிருந்தன.

உவர்நிலம் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அது பீர்ஷெபாவைப் பற்றியது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு அது பெயெர்செபா. ஆபிரகாம் கிணறு வெட்டிய ஊர். பெயரை ஏழு கிணறு என்றும் பொருள் கொள்வார்கள். சென்னைக் கோட்டைப் படைக்கு நீர் கொடுக்க 1772இல் வந்த ஏழுகிணறு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

1917 அக்டோபர் 31 அன்று மாலை நாலரை மணியளவில், ஆஸ்திரேலிய 4ஆம் இலகு குதிரைப்படைப் பிரிகேடின் இரண்டு ரெஜிமெண்டுகள் கையில் துப்பாக்கிக் கத்தியைப் பிடித்துக்கொண்டு அகழிகளைத் தாண்டிப் பாய்ந்து ஊரைப் பிடித்தன. அங்கிருந்த 17 கிணறுகளையும் தகர்க்க வெடிமருந்து வைக்கப்பட்டிருந்தது, பெரும்பாலானவை தப்பின. குதிரைகள் 24 மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீர் பார்க்கவில்லை. இந்தக் காட்சியைப் படங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் கொண்டாடுகிறார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் நெடுவழி ஐயா, உங்கள் வாதத்தை இங்கே பொருத்தினால் முழுதாகப் பொருந்தாது. கிணறுகள் கைக்கு வந்தன, எஞ்சினியர்களும் உடனே வந்தார்கள், பம்புகளும் இருந்தன. ஆனாலும் அத்தனை விலங்குகளுக்கு ஊற்று போதவில்லை. சில நாட்களுக்கு முன் பெய்த இடிமழை வாதிகளில் விட்டுவைத்த குட்டைகள்தான் முதலில் கைகொடுத்தன. வெயிலில் அவை வற்றியதும் நிலைமை மோசமாயிற்று. குதிரைப்படையில் ஒரு பகுதியைப் பின்னால் அனுப்பித்தான் நீர் காட்ட முடிந்தது. வடக்கே தெல் எல் குவெய்ல்ஃபாவில் ஆறு நாள் சண்டை நடந்ததற்கு அங்கிருந்த நீரும் ஒரு காரணம். ஆக, நேரம் மட்டும் அல்ல, சில இடங்களில் அளவே இல்லை. கிணற்றின் ஊறும் வேகத்தை எந்தப் பம்பாலும் கூட்ட முடியாது.

நெடுவழி எழுதியது:

நியாயமான மறுப்பு. ஊறும் வேகத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. என் எடுத்துக்காட்டில் கிணற்றை வற்றாததாக வைத்துக்கொண்டது வசதியான ஏமாற்றுதான். இருந்தாலும் அந்தத் துரத்தலில் வேறு பல கிணறுகள் 150 அடிக்கு மேல் ஆழம். துருக்கியர் ராட்டினத்தையும் கயிற்றையும் அழித்துவிட்டுப் போயிருந்தார்கள். வீரர்கள் கடிவாள வார்களையும் தொலைபேசிக் கம்பியையும் முடிந்து கான்வாஸ் வாளியை இறக்கினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நீர் இருந்தது.

வரலாற்றுமாணவி எழுதியது:

இதுவரை நாம் தளபதிகளையும் குதிரைகளையும் பேசிவிட்டோம். அந்தக் குழாய்க்கு மணலில் பள்ளம் வெட்டியவர்களும் தண்டவாளம் சுமந்தவர்களும் எகிப்திய உழைப்பாளர் படையினர். ஃபன்தாஸ் கட்டிய ஒட்டகங்களைச் சண்டை நடக்கும் இடம் வரை நடத்திப் போனவர்கள் 1915 டிசம்பரில் உருவான ஒட்டகப் போக்குவரத்துப் படையின் எகிப்தியர்கள். தொடக்கத்தில் கூலிக்கு விரும்பி வந்தவர்கள் இருந்தார்கள். பிறகு கிராமங்களிலிருந்து ஆட்களைக் கட்டாயப்படுத்திப் பிடித்துப் போனார்கள். விவசாயியின் ஒட்டகத்தையும் கழுதையையும் எடுத்துக்கொண்டார்கள். 1919இல் எகிப்தில் வெடித்த எழுச்சிக்கு இந்த மனக்கசப்பும் ஒரு காரணம். நைல் நீர் பாலஸ்தீனத்துக்கு வரும்போது ஒரு நபி வந்து எருசலேமை விடுவிப்பார் என்ற வாக்கு ஒன்று அங்கே வழங்கியதாகவும், பிரிட்டிஷ் தளபதி ஆலன்பியின் பெயர் அரபியில் 'அல்நபி' போல ஒலித்ததால் மக்கள் அவரோடு அதைச் சேர்த்துப் பேசியதாகவும் ஒரு கதை உண்டு. நீரைச் சுமந்தவனைப் பற்றி அந்தக் கதையில் ஒரு சொல்லும் இல்லை.

புதிதாய்வந்தவன் எழுதியது:

பெரியவர்களே, ஒரு சிறு ஐயம். 634இல் காலித் இப்னு அல்வலீத் இராக்கிலிருந்து சிரியாவுக்கு நீரில்லா வழியில் சென்றபோது, ஒட்டகங்களுக்கு வயிறு முட்ட நீர் காட்டி, வாயைக் கட்டி, வழியில் அவற்றை அறுத்து வயிற்று நீரைக் குதிரைகளுக்குக் கொடுத்தார் என்று படித்தேன். இது நடக்கக் கூடியதா?

கால்நடைமருத்துவன் எழுதியது:

தம்பி, அந்தப் பயணம் நடந்தது என்பதில் ஐயம் இல்லை; அந்த விவரத்தை வரலாற்றாசிரியர்கள் பலர் அப்படியே ஏற்பதில்லை. திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் அல்ல. முதல் இரைப்பையில் அரைத்த தீனியோடு கலந்த பச்சை நிறச் சாறு நிறைய இருக்கும். வாயைக் கட்டச் சொன்னதன் காரணம் அசை போடாமல் தடுப்பதுதான். பிழிந்து வடித்தால் குதிரை குடிக்கக்கூடும். ஒட்டகத்தின் உண்மையான திறமை வேறு. உடல் எடையில் கால் பங்கு வரை நீரை இழந்தும் நடக்கும். பிறகு பத்து நிமிடங்களில் 100 லிட்டர் அளவுக்குக் குடித்து ஈடுகட்டிவிடும். மனிதனால் இரண்டும் முடியாது. கி.மு. 325இல் கெட்ரோசியப் பாலையைக் கடந்த அலெக்சாந்தர், நீர்நிலையிலிருந்து ஏறத்தாழ 20 ஸ்டேடியம் தள்ளியே முகாம் அடித்தார் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதுகிறார். அது மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். நீரைக் கண்டதும் வீரர்கள் அளவின்றிக் குடித்துச் செத்ததும், குளத்தில் விழுந்து மற்றவர்களுக்கு நீரைக் கெடுத்ததும் அதற்குக் காரணம்.

குழாய்க்காரர் எழுதியது:

மருத்துவர் ஐயா கடைசியாகச் சொன்னது என்னைத் தொட்டியின் பக்கம் திருப்பிவிட்டது. ஒரு குதிரைக்குத் தொட்டியோரம் நான்கு அடி இடம், குடித்து நகர ஐந்து நிமிடம் என்று வைத்து நெடுவழி ஐயாவின் 2,000 குதிரைகளுக்குக் கணக்குப் போட்டேன். 200 அடி நீளத் தொட்டியில் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் 50 குதிரைகள் நிற்கும், நாற்பது வரிசை, மூன்று மணி நேரத்துக்கு மேல். இரு பக்கமும் நிறுத்தினால் பாதி. பம்பு அதற்கு ஈடாக மணிக்கு 36,000 லிட்டர் கொடுக்க வேண்டும். கைப்பம்பு ஒன்றுக்கு எவ்வளவு வரும் என்று சாப்பர்மகன் தம்பி தந்தையாரின் குறிப்பேடுகளைப் பார்த்துச் சொன்னால் மீதியைப் போட்டுவிடுகிறேன்.